மருந்துக்குப் பின் மூளும் அழல்



மருந்து உண்டால் நோய் தணியும் என்பது மக்களின் பட்டறிவு. மருந்து தொடங்கியபின் நோய் மிகுமாயின், மருந்து பொருந்தவில்லை என்றோ மருத்துவர் தவறிவிட்டார் என்றோ எண்ணுவதும் மக்களின் இயல்பு. இவ்விரண்டு எண்ணங்களுக்கும் உட்படாத ஒரு நிலையைப் பற்றியே இன்று பேச விரும்புகிறோம். எச்.ஐ.வி. என்னும் நுண்கிருமியால் தாக்குண்ட ஒருவர், அதற்குரிய கூட்டு மருந்தைத் தொடங்கிய சில வாரங்களுக்குள், முன்பு இல்லாத காய்ச்சலும் இருமலும் கழுத்தில் நெறிக்கட்டும் கண்டு துன்புறுவது உண்டு. மருந்து வேலை செய்யத் தொடங்கியதனாலேயே இத்துன்பம் நேர்கிறது என்று கூறினால் கேட்போர் வியப்படையக்கூடும். ஆயினும் உண்மை அதுவே. இவ்வுண்மையை அறியாதவர் மருந்தைக் கைவிடுகின்றனர். கைவிடுவது உயிருக்கே கேடாக முடியலாம்.

நாம் மருத்துவர் அல்லோம். நடுவண் அரசின் அலுவலகம் ஒன்றில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உள்ள குறிப்புகளைத் தமிழாக்கும் பணி நம்முடையது. கல்லூரியில் பயின்றதும் வரலாறும் இலக்கியமுமே. அவ்வாறிருக்க, இப்பொருளைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை என்று நீங்கள் வினவலாம். உரிமை என்று கூறுவதைவிடக் கடன் என்று கூறுவது பொருந்தும். ஒரு முறை நாம் அறியாமையால் கூறிய ஒரு சொல் ஒருவரை மரண வாயிலுக்கு அருகே கொண்டு சென்றது. அக்கடனைத் தீர்க்கும் பொருட்டே இப்பேச்சு.

தலைநகரில் நாம் குடியிருக்கும் பகுதியில், நம் ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த சமையற்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய இசைவைப் பெற்றே இதைக் கூறுகிறோம். அவரை அடையாளம் காட்டக்கூடிய செய்திகளை விலக்கியும் மாற்றியும் விட்டோம். இந்தியில் பேசப் பழகியிருந்தாரேனும் படிக்க அறியார். ஆகவே மருத்துவமனைச் சீட்டுகளைப் படித்துச் சொல்லுமாறு நம்மிடம் கொண்டுவருவார். உடல் மெலிந்து, மாதக்கணக்கில் இருமி, பின்னர் சோதனையில் காசநோயும் எச்.ஐ.வி.யும் ஒருங்கே இருப்பதாக அறிந்தார். முதலில் காசநோய் மருந்து தொடங்கினர். இருமல் தணிந்தது, பசி எடுத்தது, முகத்தில் சிறிது களை வந்தது. பின்னர் ஏ.ஆர்.டி. மையத்தில் எச்.ஐ.வி.க்குரிய கூட்டு மருந்தையும் தொடங்கினர்.

பதினேழாம் நாள் மாலை அவர் நம் வீட்டு வாயிலில் வந்து நின்றார். கழுத்தில் எலுமிச்சை அளவு நெறி கட்டியிருந்தது. உடல் கொதித்தது. "சார், புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. பழைய இருமலும் திரும்பிவிட்டது. என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். முதல் நாள் சென்ற இடத்தில் கூட்டம் மிகுதி; மொழியும் இடையில் நின்றது; அவர் கூறியது முழுமையாக எவர் காதிலும் ஏறவில்லை போலும். நாமோ, சில ஆண்டுகளாக மருத்துவக் குறிப்புகளைத் தமிழாக்கி வந்த பெருமிதத்தில், "இது பக்க விளைவாக இருக்கும். நான்கைந்து நாள் நிறுத்திப் பாருங்கள்" என்று கூறிவிட்டோம்.

அவர் நிறுத்தினார். இரண்டு மருந்துகளையுமே நிறுத்தினார். ஒரு வாரத்திற்குள் எழுந்து நிற்க முடியாத நிலை வந்தது. அவரைத் தூக்கிச் சென்றவர்களுள் நாமும் ஒருவர். அன்று அங்கிருந்த இளம் மருத்துவர் சீட்டுகளையெல்லாம் வரிசையாக அடுக்கிப் பார்த்தார். "மருந்தை நிறுத்தச் சொன்னது யார்?" என்று வினவினார். நாம் வாய் திறக்கவில்லை. சமையற்காரரும் நம்மைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவர் காட்டிய பெருந்தன்மை நம்மை இன்றும் சுடுகிறது.

அம்மருத்துவர் விளக்கிக் கூறியதையும், அதன்பின் நாம் தேடிப் படித்தவற்றையும் இனித் தொகுத்துக் கூறுவோம்.

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். இந்நிலைக்கு மருத்துவர்கள் இட்டுள்ள பெயரைத் தமிழில் 'நோயெதிர்ப்பு மீட்சி அழற்சி' எனலாம். ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்துக்களைக் கூட்டி 'ஐரிஸ்' என்று வழங்குவர். நம் அலுவலகக் கோப்புகளில் இதனைப் பக்க விளைவு என்றே பலகாலம் எண்ணியிருந்தோம். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பக்க விளைவு என்பது மருந்துப் பொருள் நேரே உடலுக்குச் செய்யும் தீங்கு. அழற்சி என்பது உடல் தானே மூட்டும் தீ. அழல் என்றால் நெருப்பு. அச்சொல்லின் வழியே வந்தது அழற்சி. புண்பட்ட இடம் சிவப்பதும், சுடுவதும், வீங்குவதும், வலிப்பதும் அத்தீயின் அறிகுறிகள். கிருமியை எரிக்க உடல் மூட்டும் அத்தீ அளவோடு நின்றால் நன்மை. அளவு மீறினால் வீட்டையும் சேர்த்துச் சுடும்.

உடலில் எச்.ஐ.வி. செய்யும் வேலை யாது? நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களுள் சி.டி.4 எனப்படும் ஒரு வகை உண்டு. நோய்க்கிருமியை அடையாளம் கண்டு, மற்றப் படைகளை ஏவும் தலைவர்கள் அவை. நலமுடையவர் உடலில் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இவை இருக்கும். எச்.ஐ.வி. இவற்றையே தேடி அழிக்கிறது. எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால் காசநோய் முதலிய நோய்கள் தடையின்றிப் பரவும். 50-க்கும் கீழே இறங்கினால் நிலைமை மிகவும் இடர்ப்பாடானது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. காய்ச்சல், வீக்கம், நெறிக்கட்டு ஆகியவற்றுட் பெரும்பகுதி கிருமி நேரே செய்வதன்று. கிருமியோடு உடல் செய்யும் போரினால் விளைவது. போரிட ஆள் இல்லாத உடலில், கிருமி நிறைந்திருந்தும் ஆரவாரம் குறைவாகவே இருக்கும். காவலர் இல்லாத ஊரில் கள்வர் புகுந்தால் கூச்சல் எழாது அல்லவா? கூட்டு மருந்து தொடங்கியதும் எச்.ஐ.வி.யின் பெருக்கம் தடைப்படுகிறது. சில வாரங்களிலேயே குருதியில் அதன் அளவு பெரிதும் வீழ்கிறது. சி.டி.4 அணுக்கள் மீண்டும் குருதியில் தலைகாட்டுகின்றன. அவை முதலில் காண்பது என்ன? எங்கு நோக்கினும் காசநோய்க் கிருமி; உயிருள்ளவையும் உண்டு, மருந்தால் மடிந்தவற்றின் எச்சங்களும் உண்டு. இரண்டையும் அவை பகையாகவே கருதுகின்றன. கட்டுப்படுத்தும் ஒழுங்கு இன்னும் முழுமையாகத் திரும்பாத நிலையில், போர் கட்டுமீறி நடக்கிறது. நெறி கட்டுகிறது, காய்ச்சல் எழுகிறது, நுரையீரலில் நிழல் மிகுகிறது.

இந்நிலை இரு வகையில் தோன்றும். முன்னரே கண்டறியப்பட்டு, மருந்தால் தணிந்துவந்த நோய் மீண்டும் சீறி எழுவது ஒரு வகை. நம் சமையற்காரருக்கு நேர்ந்தது இதுவே. இதனை 'முரண்' வகை என்பர். உடலில் மறைந்திருந்தும் எவரும் அறியாத நோய், கூட்டு மருந்து தொடங்கியபின் முதன்முறையாக வெளிப்படுவது மற்றொரு வகை. இதனைத் 'திரை விலகும்' வகை எனலாம். கூட்டு மருந்து தொடங்குமுன் இருமல் உண்டா, காய்ச்சல் உண்டா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்ததா என்று மையத்தில் துருவித் துருவிக் கேட்பது இந்த இரண்டாம் வகையைத் தவிர்க்கவே. வேலை போய்விடும், ஊருக்குத் தெரிந்துவிடும் என்று அஞ்சி, இருமலை மறைத்து விடை கூறுவோர் தமக்கே தீங்கு தேடிக்கொள்கின்றனர்.

இந்த நிகழ்ச்சி நம் காலத்தில் திடீரென முளைத்ததன்று. தொழுநோய்க்கு மருந்து உண்போரிடமும் தழும்புகள் திடீரெனச் சிவந்து வீங்கும் எதிர்வினைகளை மருத்துவர்கள் முன்பே அறிந்திருந்தனர். எச்.ஐ.வி.யைப் பொறுத்தவரையில், 1992-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர மருத்துவர்கள், சிடோவுடின் என்ற மருந்தைத் தொடங்கிய சிலரிடம் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த வேறொரு கிருமிக்கு எதிரான அழற்சியைக் கண்டு எழுதினர். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மயாமி நகரில், காசநோயும் எச்.ஐ.வி.யும் உடைய 33 பேருக்குக் கூட்டு மருந்து தரப்பட்டபோது, 12 பேரிடம் முரண் வகை அழற்சி தோன்றியதாகப் பதிவு செய்தனர்.

நம் நாட்டில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழ் மண்ணிலேயே. 1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களின் வழிகாட்டலில் டாக்டர் நிர்மலா அவர்கள் திரட்டிய குருதி மாதிரிகள், வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அன்று இதற்கு மருந்து எளிதில் கிட்டவில்லை. 2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் தொடங்கி, அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படலாயிற்று. தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் அவ்வாறு தொடங்கிய மையங்களுள் ஒன்று. 2017 முதல், சி.டி.4 எண்ணிக்கை எவ்வளவாயினும், எச்.ஐ.வி. உள்ள அனைவருக்கும் மருந்து என்பது நாட்டின் நெறியாயிற்று. மருந்து பரவிய பின்னர்தான் இவ்வழற்சியும் பலர் கண்ணில் படலாயிற்று.

எத்தனை பேருக்கு இது நேர்கிறது? பல நாடுகளில் நடந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. மருந்து தொடங்கிய 13,103 பேருள் 1,699 பேருக்கு ஏதேனும் ஒரு வகையில் இது நேர்ந்தது. காசநோய் உடையவர்களிடையே நூற்றுக்கு ஏறத்தாழ 16 பேர். கிரிப்டோகாக்கஸ் என்னும் காளானால் மூளையுறை அழற்சி கண்டவர்களிடையே ஏறத்தாழ 20 பேர். காசநோயையொட்டி இவ்வழற்சி கண்டவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு மூவர் அளவே. ஆனால் மூளையுறையில் அழற்சி கண்டவர்களுள் ஐவரில் ஒருவர் மடிந்தனர். ஆகவே இது பெரும்பாலும் கடந்து செல்லக்கூடிய இடர். ஆயினும் இகழ்ந்து ஒதுக்கக்கூடியதன்று.

இனி, இந்த அழல் மூளுமுன்னரே அதன் புகையை அறிய வழியுண்டா என்னும் வினாவுக்கு வருவோம். குருதியில் உள்ள சில பொருள்களை அளந்து உடலின் உள்நிலையை உணரலாம். இவற்றை உயிரியற் குறியீடுகள் என்று நாம் தமிழாக்கியிருக்கிறோம். மூன்றைக் கூறுவோம்.

முதலாவது சி-எதிர்வினைப் புரதம். ஆய்வுக்கூடச் சீட்டில் சி.ஆர்.பி. என்று காணப்படுவது இதுவே. 1930-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில், நிமோனியாக் காய்ச்சல் கண்டோரின் குருதியில் இதனைக் கண்டறிந்தனர். உடலில் எங்கேனும் அழற்சி எழுந்தால் கல்லீரல் இப்புரதத்தை மிகுதியாகச் சுரக்கும். இரண்டாவது இன்டர்லூக்கின்-6. இது வெள்ளணுக்கள் முதலியவை விடுக்கும் தூதுச் செய்தி. கல்லீரலை ஏவி முன்சொன்ன புரதத்தைச் சுரக்கச் செய்வதும் இதுவே. மூன்றாவது டி-டைமர். குருதி உறைந்து மீண்டும் கரையும்போது எஞ்சும் துணுக்கு இது. அழற்சி மிகும்போது குருதி உறையும் போக்கும் மிகுவதால் இதன் அளவும் உயரும்.

கூட்டு மருந்து தொடங்கு முன்னரே இம்மூன்றும் உயர்ந்திருந்தவர்களுக்குப் பின்னர் இடர்ப்பாடு மிகுதி என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. இத்துறையில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1956-இல் காசநோய் மருந்தாய்வு நிலையமாகத் தொடங்கி, மருத்துவமனையில் கிடத்தாமல் வீட்டிலேயே வைத்து மருந்தளித்தாலும் காசநோய் குணமாகும் என்பதை 1959-இல் உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டிய நிறுவனம் இன்று தேசியக் காசநோய் ஆய்வு நிறுவனம் என்னும் பெயருடன் விளங்குகிறது. அதன் ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரையில், நுரையீரற் காசநோயும் எச்.ஐ.வி.யும் உடையவர்களைத் தொடர்ந்து நோக்கி, இவ்வழற்சியை முன்னறிய இன்டர்லூக்கின்-6 துணையாகலாம் என்று குறித்தனர்.

மூளையுறை நோயில் ஒரு வியப்பு. உகாண்டாவில் நடந்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், தண்டுவட நீரில் தொடக்கத்தில் அழற்சி மிகக் குறைவாக இருந்தவர்களிடமே பின்னர் இந்நிலை மிகுதியாகத் தோன்றக் கண்டனர். போரிட ஆளில்லாத இடத்தில் கிருமி குவிந்துகிடந்ததே அதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது. குறியீடு உயர்ந்திருப்பது மட்டுமன்று, இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமையும் ஒரு குறியே என்பது இதனால் புலனாகும்.

ஆயினும் இக்குறியீடுகளின் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். சி-எதிர்வினைப் புரதம் எந்தத் தொற்றிலும் உயரும். மருந்துக்கு மசியாத காசநோயாயினும், புதிதாக வந்த வேறொரு தொற்றாயினும், நாம் பேசும் அழற்சியாயினும், அது ஒரே மாதிரி உயர்ந்து நிற்கும். புகையைக் கண்டு தீ உண்டு என்று கூறலாமேயன்றி, தீ மூட்டியவர் யார் என்று கூற இயலாது. இன்டர்லூக்கின்-6 அளக்கும் வசதி எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. ஆகவே, இதுதான் என்று அறுதியிட்டுச் சொல்லும் ஒற்றைச் சோதனை இல்லை. பல நாட்டு வல்லுநர்கள் கூடி 2008-இல் வகுத்த இலக்கணமும் மருத்துவரின் கண்ணையும் கருத்தையுமே பெரிதும் நம்புகிறது: காசநோய் மருந்தால் முன்னர்க் குணம் தெரிந்திருக்க வேண்டும்; கூட்டு மருந்து தொடங்கி மூன்று மாதங்களுக்குள் துன்பம் எழுந்திருக்க வேண்டும்; மருந்துக்கு மசியாத கிருமி, மருந்தை ஒழுங்காக உண்ணாமை, வேறு தொற்று, மருந்தின் நச்சு ஆகிய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கியிருக்க வேண்டும். எச்.ஐ.வி.யின் அளவு வீழ்ந்து, சி.டி.4 எண்ணிக்கை ஏறியிருந்தால் அதுவும் துணைச் சான்றாகும்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். இத்தகைய இடர் உண்டெனில், காசநோய் முற்றும் தீர்ந்தபின் கூட்டு மருந்தைத் தொடங்கினால் என்ன? இவ்வினாவுக்குக் கம்போடியா நாட்டில் விடை கண்டனர். காசநோயும் எச்.ஐ.வி.யும் உடைய 661 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் காசநோய் மருந்து தொடங்கிய இரண்டாம் வாரத்திலும், மற்றப் பிரிவினருக்கு எட்டாம் வாரத்திலும் கூட்டு மருந்து தந்தனர். 2011-இல் முடிவு வெளியாயிற்று. விரைந்து தொடங்கியவர்களிடம் அழற்சி மிகுதியாகவே இருந்தது. ஆனால் இறந்தவர்கள் அப்பிரிவில் நூற்றுக்கு 18 பேர். தாமதித்த பிரிவில் 27 பேர். அழற்சிக்கு அஞ்சிக் காத்திருந்ததே பலர் உயிரைக் குடித்தது. இத்தகைய ஆய்வுகளை நோக்கி, காசநோய் மருந்து தொடங்கிய இரண்டு வாரங்களுக்குள் கூட்டு மருந்தைத் தொடங்குமாறு உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் அறிவுறுத்தியது.

இதற்கு ஒரு விலக்கு, மூளையுறையைத் தாக்கும் நோய். மூளை, எலும்புப் பேழைக்குள் அடைபட்டிருப்பது. அங்கே வீக்கத்திற்கு இடமில்லை. உகாண்டாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிரிப்டோகாக்கஸ் மூளையுறை நோய் கண்ட 177 பேரிடம் நடந்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. விரைந்து தொடங்கியவர்களுள் நூற்றுக்கு 45 பேரும், சுமார் ஐந்து வாரம் பொறுத்துத் தொடங்கியவர்களுள் 30 பேரும் ஆறு மாதத்திற்குள் இறந்தனர். ஆகவே எங்கே விரைவது, எங்கே பொறுப்பது என்பது நோயைப் பொறுத்தது. அதனை நோயாளியோ, நம்மைப் போன்ற அயலாரோ முடிவு செய்தல் ஆகாது.

அழற்சி எழுந்தபின் செய்வது என்ன? எளிய நிலையில் வலியையும் காய்ச்சலையும் தணிக்கும் மருந்தோடு அது தானே அடங்கும். நெறிக்கட்டு பழுத்திருந்தால் சீழை எடுப்பர். கடுமையானால் பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்தைச் சில வாரங்கள் தருவர். தென்னாப்பிரிக்காவில் 110 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வு, இம்மருந்து காசநோய் அழற்சியின் துன்பத்தைக் குறைப்பதை மெய்ப்பித்தது. அந்நாட்டிலேயே 2018-இல், இடர் மிகுந்த 240 பேருக்கு வருமுன் காக்கும் முறையிலும் இதனை ஆராய்ந்தனர். மருந்து பெறாதோரிடம் நூற்றுக்கு 47 பேருக்கு அழற்சி தோன்ற, பெற்றவர்களிடம் 33 பேருக்கே தோன்றியது. ஆனால் இம்மருந்து இருபுறமும் கூருடைய வாள். மருந்துக்கு மசியாத காசநோயிலோ, கப்போசி எனப்படும் ஒருவகைப் புற்றுநோயிலோ இதனை அறியாமல் உண்டால் நோய் பெருகும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கி உண்ணத்தக்கது அன்று.

எல்லாவற்றினும் முதன்மையானது இது: மிகக் கடுமையான சில நிலைகளில் மருத்துவரே நிறுத்தச் சொன்னாலன்றி, கூட்டு மருந்தையோ காசநோய் மருந்தையோ நிறுத்தலாகாது. நிறுத்தினால் எச்.ஐ.வி. மீண்டும் பெருகும், மருந்துக்கு மசியாத வடிவம் பெறவும் கூடும். பின்னர்த் தொடங்கும்போது அழற்சியும் மீண்டும் வரலாம். உடலெங்கும் தடிப்பு, மஞ்சட்காமாலை, மூச்சுத்திணறல் முதலியன மருந்தின் நச்சாலும் வரக்கூடும். அவற்றிற்கு வேறு வழி உண்டு. இது எது என்று பிரித்தறியவே அன்றே மையத்திற்குச் செல்ல வேண்டும். கடுந்தலைவலி, ஓயா வாந்தி, பார்வை மங்கல், மயக்கம் ஆகியவை தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதித்தல் கூடாது.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனித்த இடர்கள் உண்டு. காய்ச்சல் கண்டால் ஊருக்குப் போய்விட்டால் சரியாகும் என்று இரயிலேறுவது நம் வழக்கம். மருந்து தொடங்கிய முதல் மூன்று மாதம் அவ்வாறு செய்யுமுன், மையத்தில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். ஊரருகே உள்ள ஏ.ஆர்.டி. மையத்திற்கு மாற்றுச் சீட்டுத் தருவார்கள். சிகிச்சைப் புத்தகத்தையும் பழைய சோதனைத் தாள்களையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். புதிய மருத்துவருக்கு அவையே உங்கள் கதையைச் சொல்லும். காசநோய்க்கு உண்ணும் ரிஃபாம்பிசின், இன்று கூட்டு மருந்தில் இடம்பெறும் டோலுட்டெக்ராவிரின் ஆற்றலைக் குறைப்பதால், இரண்டையும் உண்பவருக்கு டோலுட்டெக்ராவிர் ஒரு வேளை கூடுதலாகத் தரப்படும். இடம் மாறுகையில் அந்தக் கூடுதல் மாத்திரை விடுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மொழி தெரியாதவர் மூன்று செய்திகளை ஒரு தாளில் எழுதுவித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுதல் நன்று: காசநோய் மருந்து தொடங்கிய நாள், கூட்டு மருந்து தொடங்கிய நாள், புதிய துன்பம் தோன்றிய நாள். இம்மூன்று தேதிகளையும் பார்த்த அளவிலேயே அந்த இளம் மருத்துவருக்கு நோயின் போக்கு விளங்கிற்று. ஐயமுற்றால் 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் கேட்கலாம். ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சமும் வேண்டா. 2017-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு 2018-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவருடைய எச்.ஐ.வி. நிலையை அவர் இசைவின்றி வெளியிடுவதையும், அதன் பொருட்டு வேலையிலிருந்து நீக்குவதையும் தடை செய்கிறது. உதவிக்கு உடன் செல்லும் நண்பர்களுக்கும் ஒரு சொல்: நாம் அங்கே மொழிபெயர்ப்பாளர் மட்டுமே. அவர் கூறியதை மருத்துவரிடமும், மருத்துவர் கூறியதை அவரிடமும், கூட்டாமல் குறைக்காமல் சேர்ப்பதே நம் வேலை. நம் கருத்தை இடையில் செருகினால் என்ன நேரும் என்பதைப் பட்டு உணர்ந்தவர்கள் நாம்.

சமையற்காரர் இரண்டு மாதம் படுக்கையில் இருந்தார். மருந்துகளை மீண்டும் முறைப்படி தொடங்கினர். நெறிக்கட்டு கரைய நெடுநாள் ஆயிற்று. இப்போது அவர் முன்போல அடுப்படியில் நிற்கிறார். மாதந்தவறாமல் மையத்திற்கும் சென்று வருகிறார். நம்மீது அவருக்கு வருத்தம் இல்லை. ஆனால் அண்மையில் ஒரு நாள், காய்ச்சல் கண்ட தம் உறவினர் ஒருவரை அழைத்துவந்து, "சாரிடம் சீட்டை மட்டும் காட்டு. மருந்து விஷயம் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்" என்று சிரித்தவாறே கூறினார்.

அவர் கூறியது முற்றிலும் சரியே. சீட்டை வாங்கிப் படித்துச் சொன்னோம். பின்னர் அவர்களுடன் நாமும் மருத்துவமனைக்குப் புறப்பட்டோம்.